உரிமத்துக்குள் அடங்காதவை: வேர்ட்பிரஸ் சமூகமும் அதன் கூடல்களும்

ஒரு மென்பொருளை எழுதியவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிட்டால், அதை நம்பித் தளம் நடத்துபவர்கள் என்ன செய்வார்கள்? 2003 ஜனவரியில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கல்லூரி மாணவராக இருந்த 19 வயது மேட் முல்லன்வெக்கின் முன்னால் நின்ற கேள்வி இதுதான். அவர் பயன்படுத்திவந்த பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளில் மாதக்கணக்கில் புதிய மாற்றம் எதுவும் வரவில்லை. அதை உருவாக்கிய மிஷேல் வால்த்ரிகியிடமிருந்து தகவலும் இல்லை. ஆனால் பி2 ஜிபிஎல் என்ற பொது உரிமத்தின்கீழ் வெளியாகியிருந்தது. அந்த மூல நிரலை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை அதே உரிமத்தின்கீழ் மற்றவர்களுக்குத் தரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதை எடுத்துத் தொடரலாம் என்ற எண்ணத்தை முல்லன்வெக் ஜனவரி 24 அன்று எழுதினார். மறுநாளே இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர் தாமும் சேர்ந்துகொள்வதாகப் பதில் அளித்தார். பி2வின் தொடர்ச்சியாக, இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் முதல் பதிப்பு அந்த ஆண்டு மே 27 அன்று வெளிவந்தது. இன்று டபிள்யூ3டெக்ஸ் கணக்கெடுப்பின்படி உலக இணையதளங்களில் ஏறத்தாழ 43 விழுக்காடு அதன்மீது இயங்குகின்றன.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உரிமத்தின் பெருமையோடு நிறுத்திக்கொள்வார்கள். உரிமம் இல்லாவிட்டால் வேர்ட்பிரஸ் பிறந்திருக்காது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த உரிமம் மூல நிரலைப் பற்றி மட்டுமே பேசுகிறது. லிட்டில் போன்ற ஒருவர் மறுநாளே கை கொடுக்க வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் அனுப்பும் திருத்தத்தை யார் படித்துப் பார்ப்பது, தமிழாக்கத்துக்கு யார் ஒப்புதல் தருவது, கூடலுக்கு யார் மண்டபம் பிடிப்பது, மென்பொருளின் பெயரும் அது இறங்கிவரும் தளமும் யாருடையவை என்பனவற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. ஒரு திறந்த மூலச் சமூகத்தில் பங்கேற்பது என்றால் நடைமுறையில் உரிமம் தொடாத இந்தப் பகுதியில் வாழ்வதுதான். இதைப் புரிந்துகொண்டு உள்ளே வருபவர்கள் நீண்ட நாள் நிலைக்கிறார்கள் என்பது என் கணிப்பு. புரியாமல் வருபவர்கள் மனம் நொந்து விலகுகிறார்கள்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். வேர்ட்பிரஸின் மையப் பகுதியில் ஒரு பிழையைக் கண்டவர் ட்ராக் என்னும் பதிவேட்டில் அதற்கு டிக்கெட் எனப்படும் ஒரு பதிவைத் திறக்கிறார். அந்தப் பிழை தமது கணினியிலும் வருகிறதா என்று இன்னொருவர் சோதித்து எழுதுகிறார். வேறொருவர் அதைச் சரிசெய்யும் நிரல் துண்டை இணைக்கிறார். மற்றவர்கள் அதைப் படித்துக் குறை சொல்கிறார்கள். கடைசியில் கமிட் உரிமை பெற்ற சிலரில் ஒருவர் அதை மூல நிரலில் சேர்க்கிறார். சேர்க்கும்போது எழுதப்படும் குறிப்பில், இந்தச் சங்கிலியில் கை வைத்த எல்லாருடைய பயனர் பெயர்களும் இடம்பெறும். இதை அங்கே ‘ப்ராப்ஸ்’ என்பார்கள். ஒரு வரிகூட நிரல் எழுதாமல், பிழையை மீண்டும் வரவழைத்துக் காட்டியவருக்கும் அதில் இடம் உண்டு. பதிப்பு வெளியாகும்போது அந்தப் பெயர்கள் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் நன்றிப் பக்கத்துக்குச் செல்கின்றன.

கேட்பதற்கு எளிமையாகத் தெரியும் இந்தச் சங்கிலியில் எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது நிரல் அன்று, அதைப் படித்துப் பார்க்கும் கண்கள்தான். நிரல் எழுத ஆயிரம் பேர் வரலாம். அதை ஆராய்ந்து, இது பழைய தளங்களை உடைக்காது என்று பொறுப்பேற்றுச் சொல்லக்கூடியவர்கள் சிலரே. ஆகவே புதியவரின் முதல் திருத்தம் மாதக்கணக்கில் பதில் இல்லாமல் கிடப்பது இயல்பு. அதைப் புறக்கணிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என மூத்தவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனாலும் அந்த மௌனம் காயப்படுத்துகிறது என்பதும் உண்மை. போதாக்குறைக்கு நேர வேறுபாடு ஒன்று உண்டு. ஸ்லாக் என்னும் அரட்டைச் செயலியில் மைய நிரலாளர்களின் வாராந்திரக் கூட்டம் பல ஆண்டுகள் புதன்கிழமை உலகப் பொது நேரம் 20:00 மணிக்கு நடந்தது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் அது வியாழன் அதிகாலை 1:30. கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்பது சரி. எல்லாரும் விழித்திருக்கும் வேளையில் அது திறக்கவில்லை.

நிரலுக்கு வெளியேயும் பணிகள் நிறைய உண்டு. வடிவமைப்பு, ஆவணங்கள், பயனர் ஐயங்களுக்குப் பதில், பயிற்சி, அணுகல்தன்மை, சோதனை, செருகுநிரல் (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) ஆய்வு, கூடல் ஏற்பாடு, ஒளிப்படங்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் இயங்குகின்றன. தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் இருப்பது இவற்றுள் பாலிகிளாட்ஸ் எனப்படும் மொழிபெயர்ப்புக் குழு. அங்கே தமிழுக்கு இரண்டு தனி இருக்கைகள் உண்டு: இந்தியத் தமிழ் ஒன்று, இலங்கைத் தமிழ் ஒன்று. கணக்கு வைத்திருக்கும் எவரும் ஒரு சொற்றொடருக்குத் தமிழாக்கம் முன்மொழியலாம். ஆனால் அந்த மொழி முழுவதற்குமோ குறிப்பிட்ட ஒரு செருகுநிரலுக்கோ நியமிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு ஆசிரியர் ஒப்புதல் தந்த பிறகே அது பயனரின் திரைக்கு வரும். இங்கேயும் அதே தட்டுப்பாடு. ஆசிரியர்கள் ஓரிருவர்தாம் என்றால் முன்மொழிவுகள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

மொழிபெயர்ப்பை எளிய நுழைவாயில் என்று புதியவர்களிடம் சொல்வது வழக்கம். நிரல் தெரிய வேண்டியதில்லை என்ற அளவில் அது சரி. எளிது என்பது சரியில்லை. ஒரு பொத்தானை எடுத்துக்கொள்வோம். அதில் ‘சேமி’ என்று எழுதுவதா, ‘சேமிக்க’ என்று எழுதுவதா, ‘சேமிக்கவும்’ என்று எழுதுவதா? முதலாவது பயனரை ஒருமையில் அழைக்கிறது என்று ஒருவர் சொல்வார். பயனர்தானே கணினிக்குக் கட்டளையிடுகிறார், ஒருமையில் என்ன தவறு என்று மற்றவர் கேட்பார். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே திரையில் மூன்று வடிவமும் கலந்து வந்தால் படிப்பவருக்கு அது ஒரு மென்பொருள் போலவே தோன்றாது. செருகுநிரல் என்பதா நீட்சி என்பதா, வார்ப்புரு என்பதா தோற்றம் என்பதா, கருத்துகள் என்பதா கருத்துக்கள் என்பதா என்ற வாதங்கள் முடிவற்றவை. இவற்றை ஒருமுறை பேசித் தீர்த்து, சொற்பட்டியலிலும் நடைக் கையேட்டிலும் எழுதி வைத்தால்தான் பத்துப் பேர் சேர்ந்து ஒரே குரலில் மொழிபெயர்க்க முடியும். பெரும்பாலான குழுக்களில் அந்தப் பேச்சு நேரில் உட்காரும்போதுதான் முடிவுக்கு வருகிறது.

இலக்கணச் சிக்கல்கள் இன்னும் ஆழமானவை. மென்பொருளின் வாக்கியங்களில் பயனரின் பெயர், கோப்பின் பெயர், தேதி ஆகியவை பின்னர் வந்து உட்காருவதற்காக வெற்றிடக் குறிகள் இருக்கும். ஆங்கிலத்தில் பெயர் மாறாமல் நிற்கும். அதற்கு முன்னே ஒரு சொல்லை வைத்தால் போதும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுகிறது. மாலா என்றால் மாலாவை, பாரதி என்றால் பாரதியை, குமார் என்றால் குமாரை. எந்தப் பெயர் வரும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது உருபை எப்படி ஒட்டுவது? தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தையே மாற்றி அமைப்பார். பெயரை மேற்கோள் குறிக்குள் நிறுத்தி ‘என்பதை நீக்கவா?’ என்று முடிப்பது ஒரு வழி. பெயரை எழுவாயாக்கி ‘நீக்கப்படும்’ என்று முடிப்பது இன்னொரு வழி. சொல்வரிசையும் தலைகீழாகும். வெற்றிடக் குறிகளுக்கு எண்கள் இட்டிருந்தால் அவற்றை முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். எண்ணிடாமல் விட்டிருந்தால் தமிழ் வாக்கியம் ஊனமாகிவிடும். ஆங்கிலத்தில் ஒரே சொல் பெயராகவும் வினையாகவும் நிற்கும் இடங்களில் சிக்கல் இன்னொரு வகை: அது பதிவைக் குறிக்கிறதா, வெளியிடு என்னும் கட்டளையைக் குறிக்கிறதா என்பது சொற்றொடரை மட்டும் பார்த்தால் விளங்காது.

இந்த இடத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் நிரலின் உள்ளே கை வைக்கிறார். சூழலைக் குறிப்பிடும்படியோ வெற்றிடக் குறிகளுக்கு எண்ணிடும்படியோ கேட்டு அவர் ஒரு டிக்கெட் திறக்கிறார். அது ஏற்கப்பட்டால் தமிழுக்கு மட்டுமின்றி, சொல்வரிசை தமிழைப் போன்றே அமைந்த ஜப்பானியம், கொரியம், துருக்கியம் ஆகிய மொழிகளுக்கும் வழி பிறக்கிறது. தமிழில் மொழிபெயர்ப்பதற்காக மட்டும் வந்த ஒருவர் மையக் குழுவின் நன்றிப் பக்கத்தில் இடம்பெறக்கூடிய நேரான பாதை இது. மொழிபெயர்ப்பைச் சமூகத்தின் ஓரத்தில் நிற்கும் பணியாகக் கருதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இலங்கைத் தமிழுக்குத் தனி இருக்கை தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. கனடாவின் பெருநகரைத் தமிழ்நாட்டில் டொராண்டோ என்றும் ஈழத்து வழக்கில் ரொறன்ரோ என்றும் எழுதுகிறார்கள். பிறமொழி ஒலிகளைத் தமிழில் எழுதும் மரபே இரண்டு இடங்களிலும் வேறு வேறு வழியில் வளர்ந்திருக்கிறது. எனவே தேவை உண்டு. ஆனால் கைகள் குறைவாக உள்ளபோது இரு குழுக்களும் சொற்பட்டியலைப் பகிர்ந்துகொண்டு, வேறுபடும் இடங்களில் மட்டும் பிரிந்து செல்வது நல்லது.

இனிக் கூடல்களைப் பற்றிப் பார்க்கலாம். வேர்ட்கேம்ப் எனப்படும் வேர்ட்பிரஸ் கூடல் முதன்முதலாக 2006 ஆகஸ்ட் 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. முந்தைய ஆண்டு கலிபோர்னியாவில் தொடங்கிய பார்கேம்ப் என்னும் கட்டற்ற கூடல் வடிவத்திலிருந்தே அந்தப் பெயர் வந்தது. பார்கேம்ப் 2006இல் சென்னைக்கும் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்ததை அக்காலத்தில் எழுதியவர்கள் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். வேர்ட்கேம்ப் பின்னர் நகரங்களின் பெயரால் உலகெங்கும் பரவியது. ஐரோப்பா முழுமைக்குமான கூடல் 2013இல் நெதர்லாந்தின் லைடன் நகரிலும், அமெரிக்கா முழுமைக்குமானது 2015இல் பிலடெல்பியாவிலும் தொடங்கின.

ஆசியாவின் முறை வந்தபோது நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் வேர்ட்கேம்ப் ஆசியா 2020 பிப்ரவரி 21 முதல் பாங்காக்கில் நடப்பதாக இருந்தது. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் நெடுங்காலம் உழைத்து ஏற்பாடுகளை முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். பெருந்தொற்று அச்சத்தால் பிப்ரவரி 12 அன்று, ஒன்பது நாள்களே எஞ்சியிருக்கையில், அது கைவிடப்பட்டது. சம்பளமில்லாமல் செய்த வேலை அப்படியே கரைந்துபோனால் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பாருங்கள். இங்கே மிஞ்சியது, ஒருவரையொருவர் அறிந்த ஒரு குழு. 2023 பிப்ரவரியில் அதே பாங்காக்கில் அந்தக் கூடல் நடந்தேறியது. பின்னர் 2024இல் தைபே, 2025இல் மணிலா; 2026க்கு மும்பை தேர்ந்தெடுக்கப்பட்டது.

வேர்ட்கேம்ப்களுக்குச் சில நிலையான விதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பேசுபவர்களுக்கோ ஏற்பாட்டாளர்களுக்கோ ஊதியம் இல்லை. நுழைவுக் கட்டணத்தை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார்கள். செலவின் பெரும்பகுதியைப் புரவலர் நிறுவனங்கள் ஏற்கின்றன. வரவு செலவைப் பெரும்பாலும் வேர்ட்பிரஸ் அறக்கட்டளையின் கீழ் 2016இல் அமைந்த ஒரு துணை நிறுவனம் கவனித்துக்கொள்கிறது. இதனால் சிறிய ஊரில் கூடல் நடத்த முன்வரும் ஒருவர் தமது சொந்த வங்கிக் கணக்கைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. மேடையேறுபவர்களும் புரவலர்களும் தாங்கள் பரப்பும் தீம்களையும் (தளத்தின் தோற்றத்தை அமைப்பவை) செருகுநிரல்களையும் முழுமையாக ஜிபிஎல் உரிமத்துக்கு உட்பட்டே வெளியிட வேண்டும். உரைகள் பதிவு செய்யப்பட்டு எவரும் பார்க்கும்படி ஏற்றப்படுகின்றன. ஆகவே உரை கேட்பதற்காக மட்டும் ஒருவர் பயணம் செய்ய வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதற்காகப் போகிறார்கள்? பங்களிப்பு நாளுக்காக என்பது என் பதில். பெரிய கூடல்களில் உரைகளுக்கு முன்போ பின்போ ஒரு முழு நாள் இதற்கென ஒதுக்கப்படுகிறது. மண்டபத்தில் குழுவுக்கு ஒரு மேசை. மேசையில் குழுவின் பெயர்ப்பலகை. பழகியவர் ஒருவர் தலைமாட்டில் இருப்பார். புதியவர் தமக்குப் பிடித்த மேசையில் போய் உட்கார்ந்தால், கணக்குத் தொடங்குவதிலிருந்து முதல் டிக்கெட் வரை கூடவே இருந்து காட்டுவார்கள். திரைக்கு அப்பால் மாதக்கணக்கில் கிடந்த திருத்தத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை பெற்றவர் நான்கு அடி தூரத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கிறார். இந்த நாற்பது நிமிட நேர்ப்பேச்சு எழுத்தில் ஆறு மாதம் எடுக்கும் வேலையை முடிப்பதைச் சமூகத்தில் பழகிய எவரும் பார்த்திருப்பார்கள்.

அதைவிட முக்கியமானது அதன்பின் நிகழ்வது. எழுத்தில் வரும் ‘இது வேண்டாம்’ என்ற ஒற்றை வரி, அதை எழுதியவரின் முகம் தெரியாதபோது அறைந்தது போலிருக்கும். அவரோடு ஒருமுறை உணவருந்தியவருக்கு அதே வரி வெறும் தொழில்நுட்பக் கருத்தாகவே தெரியும். ஆண்டு முழுவதும் எழுத்திலேயே சண்டையிடும் ஒரு சமூகத்துக்குக் கூடல் தரும் பெரும் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாழ்வாரங்களில் நின்று பேசுபவர்கள் வட்டத்தில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்ற வழக்கமும் இங்கே உண்டு. பேக்மேன் என்னும் விளையாட்டின் திறந்த வாய் போன்று நிற்பதால் அதைப் பேக்மேன் விதி என்கிறார்கள். மென்பொருள் ஆவணங்கள் எழுதுவோருக்கான கூடல்களை நடத்திய எரிக் ஹோல்ஷர் பரப்பிய வழக்கம் இது. யாரையும் தெரியாமல் ஓரமாக நிற்கும் புதியவருக்கு அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

ஒவ்வொரு ஊரும் தன் கூடலுக்கென, வேர்ட்பிரஸின் சின்னமான வாப்பு பொம்மையை வரைந்துகொள்வதும் அழகான மரபு. ஜப்பானின் கசுகோ கனேயுச்சி வரைந்து 2011இல் வெளியான அந்தச் சின்னமும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் தரப்பட்டது. எனவே எந்த ஊராரும் அதற்குத் தம் ஊர் உடையைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் கூடலுக்குப் போக முடிந்தவர்களிடம் செல்வாக்கு சேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாற்பது நிமிடத்தில் வேலை முடிகிறது என்றால், அந்த நாற்பது நிமிடத்துக்கு விமானச் சீட்டும் விசாவும் விடுதி வாடகையும் உள்ளவருக்கு முடிகிறது என்றே பொருள். ஆவணக் குழுவில் நெடுநாள் உழைத்த கிம் பார்செல் என்ற பெண்மணியின் பெயரால் ஓர் உதவித்தொகை இருக்கிறது. அவர் மறைந்த பின் ஏற்படுத்தப்பட்ட அது, பண வசதியின்றி அமெரிக்கக் கூடலுக்கு அதுவரை வர இயலாத ஒரு பெண் பங்களிப்பாளருக்கு வழங்கப்படுகிறது. நல்ல முயற்சி, ஆனால் ஒரே ஓர் இருக்கை. இந்தக் குறையை அதிகம் போக்குவது பெருங்கூடல்களைக் காட்டிலும் உள்ளூரில் நடக்கும் மாதாந்திர மீட்டப்களே. இருபது பேர் ஒரு கல்லூரி வகுப்பறையில் தங்கள் மொழியில் பேசிக்கொள்ளும் சந்திப்புக்கு விசா தேவையில்லை. 2016 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய உலக மொழிபெயர்ப்பு நாள், பல நாடுகளில் உள்ளூர்க் குழுக்களை ஒரே நாளில் உட்கார வைத்து இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது.

பணத்தின் கதை இங்கே முடியவில்லை. பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர் வேலை முடிந்த இரவில் உட்காருபவர்கள். மற்றொரு பகுதியினருக்குப் பங்களிப்பதே சம்பள வேலை. வேர்ட்பிரஸால் வருவாய் ஈட்டும் நிறுவனங்கள் தங்கள் உழைப்பில் 5 விழுக்காட்டைத் திரும்பத் தர வேண்டும் என்று முல்லன்வெக் 2014இல் முன்வைத்தார். நோக்கம் நேர்மையானது. அதன் விளைவாக முழுநேரமும் அங்கேயே இருப்பவர்கள் எடுக்கும் முடிவுகளின் வேகத்துக்கு ஓய்வு நேரத்தில் வருபவர்களால் ஈடுகொடுக்க முடியாமற் போவதும் இயல்பாக நடக்கிறது. குட்டன்பெர்க் என்ற புதிய எழுதுதளம் 2018 டிசம்பர் 6 அன்று, அமெரிக்கக் கூடலுக்கு முந்தைய நாள், 5.0 பதிப்பில் வெளியானபோது இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது. பார்வையற்றோரும் விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துவோரும் அதில் எழுத முடியுமா என்று அணுகல்தன்மைக் குழுவினர் எழுப்பிய கேள்விகள் முழுதாகத் தீராமலேயே வெளியீடு நடந்தது. அக்குழுவின் தலைவர் ரியன் ரீட்வெல்ட் அந்த அக்டோபரிலேயே விலகியிருந்தார். யார் விலகினார்கள் என்பதைச் சொல்லும் இடம் எந்த நன்றிப் பக்கத்திலும் கிடையாது. பழைய எழுதுதளத்தைத் திரும்பத் தரும் செருகுநிரல் பின்னர் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் நிறுவப்பட்டது.

எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம் 2024இல் வந்தது. செப்டம்பர் 20 அன்று போர்ட்லண்ட் நகரில் அமெரிக்கக் கூடலின் மேடையிலிருந்து முல்லன்வெக், வேர்ட்பிரஸ் தளங்களை வாடகைக்கு நடத்தித் தரும் டபிள்யூபி எஞ்சின் என்னும் நிறுவனம் தான் பெறும் அளவுக்குத் திருப்பித் தருவதில்லை என்று கடுமையாகச் சாடினார். அடுத்த சில நாள்களில் அந்நிறுவனம், மென்பொருளும் செருகுநிரல்களும் இறங்கிவரும் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தின் வளங்களிலிருந்து தடுக்கப்பட்டது. அக்டோபர் 2 அன்று அது வழக்குத் தொடுத்தது. அதன்பின் வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் உள்நுழைய வேண்டுமானால், டபிள்யூபி எஞ்சினோடு தமக்கு எவ்வகைத் தொடர்பும் இல்லை என்று ஒவ்வொருவரும் கட்டத்தில் குறியிட வேண்டியதாயிற்று. மொழிபெயர்க்க வந்தவர், ஐயம் தீர்க்க வந்தவர், கூடல் ஏற்பாடு செய்பவர் என எவருக்கும் விலக்கில்லை. அக்டோபர் 12 அன்று அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற செருகுநிரல் ஒன்று பட்டியலில் இருந்த இடத்திலேயே வேறு பெயருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 10 அன்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, பழைய நிலையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரையின் பொருள் அன்று. அதன் போக்கில் சாதாரணப் பங்களிப்பாளர்கள் பலர் முதல்முறையாகத் தெரிந்துகொண்ட செய்திதான் இங்கே முக்கியம். வேர்ட்பிரஸ் என்ற வணிகக்குறி 2010இல் அறக்கட்டளைக்கு மாற்றப்பட்டது; ஆனால் அதை வணிகத்தில் பயன்படுத்தும் தனி உரிமை முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனத்திடம் இருந்தது. செருகுநிரல்களும் மொழிபெயர்ப்புகளும் ட்ராக் பதிவேடும் வாழும் வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம் அறக்கட்டளையுடையதுகூட அன்று. அது முல்லன்வெக்கின் தனிப்பட்ட உடைமை. ஊர்ப் பொதுக்குளம் என்று எண்ணி இருபது ஆண்டுகள் தூர் வாரியவர்களுக்குக் கரை ஒருவரின் பட்டா நிலத்தில் இருக்கிறது என்று தெரியவந்தது போன்ற அதிர்ச்சி அது. மறைத்து வைக்கப்பட்ட தகவல் என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

2025 ஜனவரியில் ஆட்டோமேட்டிக் தன் பங்களிப்பை வாரத்துக்கு ஏறத்தாழ 4,000 மணி நேரத்திலிருந்து 45 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டது. டபிள்யூபி எஞ்சின் கணக்குக் காட்டிய அளவுக்கு இணையாக நிற்பதே அதன் காரணமாகச் சொல்லப்பட்டது. மே மாத இறுதியில் ஆட்டோமேட்டிக் திரும்பி வந்தது. ஒரு நிறுவனத்தின் முடிவால் இவ்வளவு கைகள் ஒரே நாளில் விலக முடியும் என்பதையும், எஞ்சியவர்கள் தொடர்ந்து பதிப்பு வெளியிட முடியும் என்பதையும் அந்த மாதங்கள் ஒருசேரக் காட்டின. ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஐரோப்பியக் கூடல் நடந்த நாள்களில், செருகுநிரல்களை ஒரே தளத்தைச் சாராமல் பகிர்ந்துகொள்வதற்கான ஃபேர் என்னும் திட்டம் லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் அறிவிக்கப்பட்டது. அதை முன்னெடுத்தவர்களில் பலர் வேர்ட்பிரஸ் சமூகத்திலேயே நெடுநாள் உழைத்தவர்கள். வெவ்வேறு ஊர்க் கூடல்களில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

தமிழில் பங்களிக்க நினைக்கும் ஒருவருக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். அவர் எழுதும் தமிழ்ச் சொற்றொடர்களும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ்தான் சேர்கின்றன. நாளை வேர்ட்பிரஸிலிருந்து ஒரு கிளை பிரிந்தால், 2018இல் கிளாசிக்பிரஸ் பிரிந்தது போல, அந்தத் தமிழாக்கத்தையும் எடுத்துச் செல்ல முடியும். பி2விலிருந்து நிரலை எடுத்தது போலவே எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. கோப்பைப் பிரதி எடுக்கச் சில நொடிகள் போதும். ஆனால் ‘சேமி’யா ‘சேமிக்க’வா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் வாதிட்டு முடிவுக்கு வந்த நான்கு பேர் அந்தக் கோப்பில் இல்லை. புதிய பதிப்போடு வரும் புதுச் சொற்றொடர்களுக்கு முன்னால் மறுபடியும் யாராவது உட்கார வேண்டும். வரிசையில் நிற்கும் முன்மொழிவுகளை யாராவது திறந்து படிக்க வேண்டும்.